முதலில் காலைகளை எண்ணுங்கள்

"ஒரு வாரம் லீவு கிடைச்சிருக்கு, எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். ஒரே அறையில், ஒரே கட்டிலில், எத்தனை காலை கண்விழிக்க ஆசைப்படுகிறீர்கள்? கேட்டவர் கொஞ்சம் குழம்பித்தான் போவார். அவர் எதிர்பார்த்தது ஒரு நாட்டின் பெயரை. ஆனால் குறுகிய வெளிநாட்டுப் பயணத்தில் நாடு எது என்பது இரண்டாவது கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த வேகத்தில் போகப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், போகக்கூடிய ஊர்களின் பட்டியல் தானாகச் சுருங்கும். ஊரை முதலில் பிடித்துக்கொண்டால் வேகத்தை அந்த ஊரும், விமான அட்டவணையும், கூட வருபவர்களின் ஆசைகளும் சேர்ந்து நம் தலையில் கட்டிவிடும்.

காலை என்று நான் சொல்வது எல்லாக் காலையையும் அல்ல. எழுந்ததும் பெட்டி கட்ட வேண்டாம், அறையைக் காலி செய்ய வேண்டாம், எந்த வண்டியையும் பிடிக்க வேண்டாம். சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இன்று என்ன செய்யலாம் என்று யோசிக்க முடிகிற காலை. அதை முழுக் காலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்தின் அளவை நாட்களால் அளப்பதைவிட இந்த முழுக் காலைகளால் அளப்பது எனக்கு எப்போதும் சரியாக வந்திருக்கிறது.

ஏழு நாள் விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விமானத்திலும் குடியேற்ற வரிசையிலும் கரையும். ஹோட்டல்களில் பொதுவாக மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். கிளம்பும் நாளில் 11 அல்லது 12 மணிக்குள் காலி செய்துவிட வேண்டும். சர்வதேச விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பது வழக்கம். ஆக, ஆறு இரவுகள் ஒரே ஊரில் தங்கினால் நடுவில் கிடைப்பவை ஐந்து முழுக் காலைகள். ஒருமுறை ஊர் மாறினால் நான்கு. இருமுறை மாறினால் மூன்று. "ஒரு வாரத்தில் நான்கு நகரங்கள்" என்று பளபளப்பாக அச்சடித்துத் தருகிறார்களே, அந்தத் திட்டத்தில் முழுக் காலைகள் இரண்டுதான். இரண்டு போதும் என்று தெரிந்தே போகிறவர் தாராளமாகப் போகலாம். எண்ணாமல் பணம் கட்டுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"ரயில் ரெண்டு மணி நேரம்தானே, அதுக்கு ஏன் ஒரு காலை போகணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி அதிவேக ரயில் சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. ஆனால் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமா பயணம்? காலையில் பெட்டியை அடுக்கி, மறந்தது எதுவும் உண்டா என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, கீழே இறங்கிக் கணக்கு முடித்து, நிலையத்துக்குப் போய், அந்தப் பெரிய நிலையத்துக்குள் சரியான நடைமேடையைத் தேடி, அந்தப் பக்கம் இறங்கி, புது ஊரின் பேருந்தைப் புரிந்துகொண்டு, ஹோட்டலைக் கண்டுபிடித்தால் "அறை மூன்று மணிக்குத்தான் தயாராகும்" என்பார்கள். பெட்டியை அங்கே ஒப்படைத்துவிட்டுத் தெருவில் நிற்கும்போது பாதி நாள் போயிருக்கும். கால் வேறு வலிக்கும். இரண்டே கால் மணி நேர ரயில், கதவிலிருந்து கதவுக்கு ஐந்து மணி நேரம் ஆவது இப்படித்தான். லண்டனிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார் ரயிலில் போனாலும் இதே கதைதான். அங்கே கூடுதலாகப் பாஸ்போர்ட் சோதனையும் உண்டு.

அதற்காக ஒரே தெருவில் அடைந்து கிடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெட்டி ஓரிடத்தில் இருக்கட்டும், நாம் மட்டும் சுற்றுவோம். இதற்கு வாகான ஊர்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. கியோட்டோவில் தங்கினால் ஒசாகா அரை மணி நேரம், நாரா முக்கால் மணி நேரம், கொஞ்சம் மனசு வைத்தால் ஹிமேஜி கோட்டையையும் பார்த்துவிட்டு இரவுக்குள் அதே அறைக்குத் திரும்பிவிடலாம். புளோரன்ஸில் தங்கினால் பீசா ஒரு மணி நேரம், பொலோன்யா வேக ரயிலில் சுமார் நாற்பது நிமிடம். சியனாவுக்குப் பேருந்து இருக்கிறது. வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ரயிலில் ஒரு மணி நேரம். வேறொரு நாட்டின் தலைநகரில் மதியம் கழித்துவிட்டு, மாலையில் பழைய அறைக்கே வந்து செருப்பைக் கழற்றலாம். இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் நேரத்தைவிடச் சுதந்திரம் என்பேன். காலையில் மழை பெய்தால் நாராவை நாளைக்குத் தள்ளலாம். ஊர் ஊராக அறை பதிவு செய்து வைத்தவருக்கு மழையோ காய்ச்சலோ, கிளம்பித்தான் ஆக வேண்டும்.

கியோட்டோவில் எனக்கு இதன் அருமை நன்றாகப் புரிந்தது. ஃபுஷிமி இனாரி கோயில் வளாகத்துக்குக் கதவு அடைப்பு கிடையாது. இரவும் பகலும் திறந்தே இருக்கும். மலை மேல் வரிசையாகப் போகும் அந்தச் செந்நிற வாயில்களுக்கிடையே விடியும் நேரத்தில் நடந்தால் ஆளே இருக்க மாட்டார்கள். பறவைச் சத்தமும் நம் காலடிச் சத்தமும்தான். பத்து மணிக்கு அதே படிகளில் நிற்க இடமிருக்காது. கியோட்டோ நிலையத்திலிருந்து அது இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிடம். முதல்நாள் இரவே அந்த ஊரில் படுத்துத் தூங்கியவருக்கு மட்டும் கிடைக்கிற காலை அது. ஒசாகாவில் அறையைக் காலி செய்துவிட்டு வருகிறவர் எவ்வளவு விரைந்தாலும் கூட்டத்தோடுதான் வந்து சேருவார்.

இரண்டு ஊர் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து விமானம் ஏறுங்கள். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பலாம். விமானப் பதிவுத் தளங்களில் போக-வர டிக்கெட்டுக்குப் பக்கத்திலேயே 'பல நகரங்கள்' (multi-city) என்றொரு தேர்வு இருக்கும், அதில் தேடிப் பாருங்கள். வந்த வழியே திரும்பிப் போகும் அரை நாள் மிச்சம்.

அடுத்து, நேர வித்தியாசம். அதனால் உடம்பு தடுமாறும் ஜெட் லேக் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மனித உடம்பின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமாக ஓடுகிறது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்கு எளிது, முன்னால் இழுப்பதுதான் கஷ்டம். மேற்கே போனால் நாள் நீளும், உடம்பு சீக்கிரம் பழகும். கிழக்கே போனால் நாள் குறையும், உடம்பு முரண்டு பிடிக்கும். தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று சொல்வார்கள். எட்டு மணி நேரம் கிழக்கே இருக்கிற ஊருக்கு ஒரு வாரம் போகிறவர், உடம்பு ஊரோடு ஒத்துப்போகும் நாளில் திரும்பும் விமானத்தில் இருப்பார்.

இதைத் திட்டத்துக்குள் கொண்டுவர முடியும். மேற்கே போனவருக்கு முதல் சில நாட்கள் அதிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதைத் தொல்லையாக நினைக்காமல் கூட்டம் வருவதற்கு முன்னால் சதுக்கங்களையும் ஆற்றங்கரைகளையும் பார்க்கப் பயன்படுத்தலாம். கிழக்கே போனவருக்குக் காலையில் கண்ணே திறக்காது, இரவில் மூடாது. அவர் முதல் இரண்டு காலைகளை விட்டுவிட்டு மதியத்துக்கு மேல் நிகழ்ச்சிகளை வைத்துக்கொள்வது நல்லது. இன்னும் சுலபமான வழி, தெற்கு வடக்காகப் போவது. சிங்கப்பூருக்கும் பெர்த்துக்கும் சுமார் ஐந்து மணி நேர விமானப் பயணம், கடிகாரத்தில் வித்தியாசமே இல்லை. துபாய்க்கும் மொரீஷியஸுக்கும் கடிகாரம் ஒன்றுதான். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து வரைபடத்தில் நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். நான்கு, ஐந்து நாள் பயணத்துக்கு அந்தக் கோட்டை ஒட்டிய ஊர்களையே நான் முதலில் பார்ப்பேன். கிழக்கே மேற்கே தூரமாக இருப்பவற்றை இரண்டு வாரம் கிடைக்கும் வருடத்துக்கு எடுத்து வைப்பேன்.

பருவம் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் மழையையும் குளிரையும்தான் சொல்வார்கள். எனக்கு அதற்குச் சமமாக முக்கியமானது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் சுமார் எட்டு மணி நேரம். ஜூன் கடைசியில் பதினாறரை. ஐந்து நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். நாற்பது மணி நேரம் ஒரு பக்கம், எண்பதுக்கு மேல் இன்னொரு பக்கம். ஊரும் விடுமுறையும் ஒன்றுதான், பகல் மட்டும் இரு மடங்கு. ரெய்க்யாவிக்கில் இது இன்னும் தீவிரம். டிசம்பரில் நான்கு மணி நேரமே சூரியன், ஜூனில் இருபத்தொரு மணி நேரம். ஐஸ்லாந்தைச் சுற்றி வரும் வட்டச்சாலை 1,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தினம் ஒரு ஊரில் தூங்குவதை நான் எப்போதும் வேண்டாம் என்பவன்தான், ஆனால் ஜூனில் அந்தச் சாலைக்கு மட்டும் விலக்குக் கொடுப்பேன். அங்கே பார்க்க வேண்டியதே வழிதான். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. ஒரு அருவியின் முன்னால் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றாலும் எதுவும் கெட்டுப்போகாது.

மழையைப் பொறுத்தவரை, ஒரு நாட்டுக்கு ஒரே பருவம் என்று நினைப்பதுதான் பலருடைய திட்டத்தைக் கெடுக்கிறது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை பருவமழை. அந்த மாதங்களில் கிழக்கே திரிகோணமலைப் பக்கம் வெயிலும் அமைதியான கடலும். வருட முடிவில் இது தலைகீழாகும். தாய்லாந்தில் மே முதல் அக்டோபர் வரை மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட் நனையும். கோ சாமுய் தீவு வளைகுடாப் பக்கம் இருப்பதால் அதன் பெருமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பருக்குப் பிறகு பெரும்பாலான விடுதிகளை மூடியே விடுவார்கள். அதே சமயம் மேற்கே லங்காவி காய்ந்து பளிச்சென்று இருக்கும். நாட்டைக் கேட்காதீர்கள், கரையைக் கேளுங்கள்.

வேகத்தைப் பற்றி எனக்கு மிகத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்த இடம் அங்கோர். கம்போடியாவின் சியம் ரீப் நகரத்தில் தங்கினால் போதும், பெட்டியை மறுபடி தொட வேண்டாம். ஆனால் அந்தத் தொல்லியல் வளாகம் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 1992 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நுழைவுச்சீட்டை ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று மூன்று வகையாகத் தருகிறார்கள். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். இந்த விதியை வகுத்தவருக்கு மனிதக் கால்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வு, மறுபடி கோயில் என்று போக முடிகிறது.

ஒரு நாள் சீட்டு வாங்கியவர்களை அங்கே தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். விடியலில் அங்கோர் வாட், எட்டரைக்குப் பாயோன், பத்தரைக்கு வேர்கள் கவ்விய தா புரோம், பன்னிரண்டு மணி வெயிலில் கல் அனலாகக் கொதிக்கும்போது இன்னும் இரண்டு கோபுரங்கள். முகம் சிவந்து, தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் வைத்து ஒற்றிக்கொண்டு, அடுத்த கோயிலின் பெயரைக்கூடக் கேட்காமல் வண்டியில் ஏறுவார்கள். அங்கே பகல் பொழுதில் இரண்டு துண்டுகள்தான் மனிதருக்கு உகந்தவை. அதிகாலை ஐந்திலிருந்து பத்து வரை ஒன்று, மாலை நாலிலிருந்து இருட்டும் வரை இன்னொன்று. நடுவில் அறைக்குத் திரும்பிக் குளித்துப் படுப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கத் தேவையில்லை. அப்படித் தூங்கி எழுந்து மாலையில் போனால்தான் அங்கோர் வாட்டின் சுவர்ச் சிற்பங்களைக் கண் கூர்மையாகப் பார்க்கும். பாற்கடல் கடையும் அந்த நீண்ட புடைப்புச் சிற்பத்தின் முன்னால் தேவர்களின் முகம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்ற மாலையை நான் எந்த நகரத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அந்தக் கோயில் மேற்கு நோக்கியது. அதனால்தான் சூரியோதயம் கோபுரங்களுக்குப் பின்னால் தெரிகிறது, கூட்டம் முழுவதும் மேற்குக் குளத்தருகே குவிகிறது. விடியலை அங்கே பார்த்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகும் ஏழு மணிக்கு உள்ளே நடந்தால், பெரிய மண்டபங்களில் நாம் தனியாக இருப்போம். பான்டே ஸ்ரீ கோயில் தூரத்தில் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள், அவ்வளவு நுணுக்கமான செதுக்கல்.

அப்புறம், மூடும் நாட்கள். நீண்ட பயணத்தில் இது ஒரு பொருட்டே அல்ல, மூன்று நாள் பயணத்தில் இதுவே பயணத்தைத் தீர்மானிக்கும். பாரிஸில் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது. புளோரன்ஸின் உஃபிட்ஸி அருங்காட்சியகம் திங்கட்கிழமை திறக்காது. பாலியில் நியேபி என்ற மௌன நாளன்று விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளும் விடுதி வளாகத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். அதைத் தேடிப் போகிறவருக்கு அது அருமையான நாள், தெரியாமல் அகப்பட்டவருக்கு ஒரு நாள் இழப்பு. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை, நாடே ரயிலில் இருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

லூவர் என்றதும் ஒரு கணக்கு. அங்கே காட்சியில் இருப்பவை சுமார் 35,000 பொருட்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் அரை நிமிடம் நின்றால் ஏறக்குறைய 290 மணி நேரம் வேண்டும். தூங்காமல் நடந்தால் பன்னிரண்டு நாள். எல்லாவற்றையும் பார்ப்பது யாராலும் ஆகாது என்று இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்த பிறகு, எதைப் பார்க்காமல் விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் நிம்மதி. ஒரு பிரிவு, இரண்டு மணி நேரம், பிறகு வெளியே வந்து ஆற்றங்கரை. நாளுக்கு ஒரு பெரிய விஷயம் என்பது என் வரம்பு. மற்றதெல்லாம் தானாக வந்தால் வரட்டும்.

கூட வருபவர்கள் யார் என்பதை நான் இவ்வளவு பின்னால் சொன்னாலும், வீட்டில் பேசும்போது முதலில் பேச வேண்டியது இதைத்தான். குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம். அம்மாவோடு போகும்போது நான் ஊரின் அழகுக்கு முன்னால் அதன் படிகளைப் பார்ப்பேன். வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள், வண்டி எதுவும் கிடையாது. முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த ஊர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. படகு நிறுத்தத்திலிருந்து பாலம் ஏறாமல் போகக்கூடிய விடுதியைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நகரின் பொதுப் படகான வாபொரெட்டோவின் முதலாம் எண் தடம் பெருங்கால்வாய் முழுவதும் இரண்டு கரையிலும் நின்று நின்று போகும். அம்மா அதில் முன்வரிசையில் உட்கார்ந்து, மாளிகைகளின் வாசலில் தண்ணீர் வந்து மோதுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு மாலையைக் கழித்தார். எங்கள் இருவரில் வெனிஸை நன்றாகப் பார்த்தது அவர்தான் என்று நினைக்கிறேன். லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர், அங்கே டிராம் தடத்துக்கு அருகே அறை எடுக்க வேண்டும். ஹாங்காங்கில் மலைச்சரிவில் 800 மீட்டருக்கு நகரும் படிக்கட்டுகள் வைத்திருக்கிறார்கள். காலை பத்து வரை கீழ்நோக்கி ஓடும், பிறகு மேல்நோக்கி. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

உயரமும் இதே வகைதான், இளைஞர்களையும் விடாது. பெருவின் குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மச்சு பிச்சுவோ 2,430 மீட்டர்தான். விமானத்தில் நேரே குஸ்கோவில் இறங்கித் தலைவலியோடு முதல் இரண்டு நாளைக் கழிப்பதைவிட, இறங்கியதும் தாழ்வான பள்ளத்தாக்குக்குப் போய்த் தங்கிவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. ஆனால் அதற்கே நாட்கள் வேண்டும். ஐந்து நாள் விடுமுறைக்குப் பெருவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விசா விஷயம் அவரவர் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள் மீதம் இருக்க வேண்டும் என்று கேட்கும். ஐரோப்பாவின் 29 நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்கு விசா தேவைப்படுபவர், அதிக நாட்கள் தங்கப்போகும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். ஒரே விசாவில் இத்தனை நாடுகளா என்ற ஆசையில் திட்டத்துக்குள் ஐந்து கொடிகளை நட்டுவிடாதீர்கள். விசா அனுமதிக்கிறது, நாட்கள் அனுமதிக்கவில்லை.

மெதுவாகப் போவதன் பலனை ஆராய்ச்சியும் தொட்டிருக்கிறது. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பயணம் போகப்போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு அந்த வித்தியாசம் பெரும்பாலோரிடம் இல்லை. தங்கள் பயணம் மிகவும் ஓய்வாக இருந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் அது மிஞ்சியிருந்தது. எனக்கு இதில் இரண்டு சேதி தெரிகிறது. காத்திருப்பதும் விடுமுறையின் ஒரு பகுதி, ஆகவே டிக்கெட்டைச் சீக்கிரம் எடுங்கள். பயணத்தில் ஓய்வு மிஞ்சும்படி திட்டம் போடுங்கள்.

கடைசி நாளைப் பற்றியும் ஒன்று. உளவியலாளர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு, லேசாகச் சூடேறும் நீரில் இன்னும் அரை நிமிடம். மறுபடி செய்வதென்றால் எது என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தால் முழு அனுபவமும் இதமாக நினைவில் நிற்கிறது. அதனால்தான் விடியற்காலை ஐந்து மணிக்குத் திரும்பும் விமானத்தை நான் எடுப்பதில்லை. மாலை விமானம் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் தயார். கடைசிக் காலையில் பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு, வந்த நாளிலிருந்து பிடித்துப்போன தெருவில் இன்னொரு முறை நடக்கலாம். புதிதாக எதையும் அந்தக் காலையில் வைக்க வேண்டாம்.

இப்போது என் மேசையில் விரித்து வைத்திருப்பது எகிப்தின் லக்ஸர் வரைபடம். குளிர்காலத்தில், வெயில் தணிந்திருக்கும் ஜனவரியில் போக ஆசை. நைல் நதியின் கிழக்குக் கரையில் கர்னாக் கோயில், மேற்குக் கரையில் மன்னர்களின் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கில் இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆனால் சாதாரண நுழைவுச்சீட்டில் திறந்திருப்பவற்றுள் மூன்றைத்தான் பார்க்கலாம். துட்டன்காமுன் கல்லறைக்குத் தனிச் சீட்டு. ஒரு காலைக்கு மூன்று என்பது எனக்குச் சரியான அளவு. லக்ஸரிலேயே தங்குவதா, அஸ்வான் வரை படகில் போவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. மூன்று அல்லது நான்கு இரவுகள் அந்தப் படகுகள் ஓடும், எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்களில் நிறுத்துவார்கள், அறையும் நம்மோடு நகர்வதால் பெட்டியைத் தொட வேண்டாம். அம்மா படகு என்கிறார். ஆனால் படகு அதன் அட்டவணைப்படிதான் ஓடும், எட்ஃபுவில் ஒரு தூணின் முன்னால் கூடுதலாக நிற்க வேண்டும் என்று தோன்றினால் அது நமக்காகக் காத்திருக்காது. அதனால் லக்ஸரில் முதலில் மூன்று முழுக் காலைகள், பிறகு படகு, அஸ்வானிலிருந்து விமானம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். விடுமுறை இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அப்படியே போகிறோம். கிடைக்காவிட்டால் படகை விட்டுவிட்டு லக்ஸரிலேயே இருப்போம்.